அமெரிக்க ராணுவத் தளங்களுக்கு மேல் பறந்த 'ஏதோ ஒன்று': ஆவணம் கேட்டு வாங்குவது எப்படி?

பறக்கும் தட்டு பற்றிய யூடியூப் காணொளிகள் அலுத்துப்போய், "சரி, அரசாங்கத்தின் காகிதத்தையே பார்த்துவிடுவோம்" என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டத்தை எல்லோரும் ஃபோயா என்றுதான் சொல்கிறார்கள். நம் ஆர்.டி.ஐ. மனு இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். ஃபோயாவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மானாமதுரையில் உட்கார்ந்துகொண்டு பென்டகனுக்கு மனு போடலாம், அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். விதிவிலக்கு ஒன்று: சி.ஐ.ஏ., என்.எஸ்.ஏ. போன்ற உளவு அமைப்புகள் வெளிநாட்டு அரசுகளுக்கோ அவற்றின் பிரதிநிதிகளுக்கோ ஆவணம் தருவதில்லை. எனவே நீங்கள் அரசு ஊழியராக இருந்தால் அலுவலக மின்னஞ்சலில் இருந்து அனுப்பாதீர்கள்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்தச் சட்டம் ஆவணம் தரும், விளக்கம் தராது. "அது என்ன?" என்று கேட்டால் ஒன்றும் வராது. "அந்த ராத்திரி காவலில் இருந்தவர் என்ன எழுதிவைத்தார்?" என்று கேட்டால் ஏதாவது வரும்.

1. ஏற்கெனவே வெளிவந்ததை முதலில் பாருங்கள்

புதியவர்கள் கேட்பதில் பாதி ஏற்கெனவே இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை சேகரித்த 12,618 புகார்களின் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. புளூ புக் திட்டம் என்ற பெயரில் தேடுங்கள். அவற்றில் 701 மட்டுமே விளக்கம் இல்லாதவை. எஃப்.பி.ஐ.யும் சி.ஐ.ஏ.வும் தங்கள் பழைய கோப்புகளை மின்னணு வாசிப்பறைகளில் வைத்திருக்கின்றன. கடற்படை விமானிகள் எடுத்த மூன்று காணொளிகளைப் பென்டகன் 2020 ஏப்ரலில் அதிகாரபூர்வமாகவே வெளியிட்டது.

புதிதாக வந்திருப்பது, 2023 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டத்தின்படி, அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்கள் பற்றிய ஆவணங்களுக்காகத் தேசிய ஆவணக் காப்பகம் தொடங்கிய தனித் தொகுப்பு. ஆவணக் குழு எண் 615. அரசுத் துறைகள் தங்களிடம் உள்ளதை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. காப்பகத்தின் பட்டியலில் அந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பிளாக் வால்ட் என்ற தனியார் தளத்திலும், மற்றவர்கள் ஃபோயா வழியாக வாங்கிய பக்கங்கள் மலைபோல் குவிந்திருக்கின்றன. அங்கே இருப்பதையே திரும்பக் கேட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

2. ஒரே ஒரு சம்பவத்தைத் தேர்ந்தெடுங்கள்

"ராணுவத் தளங்களுக்கு அருகில் தெரிந்த மர்மப் பொருள்கள் பற்றிய எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். கோரிக்கை தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். இல்லாவிட்டால் சிக்கலான மனுக்களுக்கான நீண்ட வரிசையில் சேர்த்துவிடுவார்கள். பெரும்பாலான அலுவலகங்களில் எளிய மனுவுக்கு ஒரு வரிசை, சிக்கலானதற்கு ஒரு வரிசை. எளிய வரிசையில் இடம்பிடிப்பதுதான் உங்கள் வேலை.

புதியவர்களுக்கு நான் சொல்வது லேங்லி. 2023 டிசம்பரில் வர்ஜீனியாவின் லேங்லி விமானப்படைத் தளத்துக்கு மேல் ட்ரோன் போன்ற பொருள்கள் 17 நாள் வந்து போயின. எஃப்-22 போர்விமானங்கள் நிற்கும் இடம். யார் அனுப்பியது என்று பொதுவெளியில் யாரும் சொல்லவில்லை. தளம், மாதம், படைப்பிரிவு எல்லாம் தெரிந்த சம்பவம் என்பதால் மனு எழுத வசதி.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. ராணுவ ஆவணங்கள் பலவற்றில் உள்ளூர் நேரம் இருக்காது, கிரீன்விச் நேரம்தான். வர்ஜீனியாவில் ராத்திரி எட்டு மணிக்கு நடந்தது காகிதத்தில் மறுநாள் தேதியில் இருக்கும். அதனால் முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்தே கேளுங்கள்.

இன்னொன்று, இது அமெரிக்காவில் விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு. ஆர்வக்கோளாறில் தளத்தின் வேலியோரம் கேமராவோ ட்ரோனோ எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். ராணுவ நிலையங்களைப் படமெடுப்பதைக் குற்றமாக்கும் பழைய சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. லேங்லிக்குப் பக்கத்திலேயே உள்ள நியூபோர்ட் நியூஸ் கப்பல்கட்டும் தளத்தின் மேல் 2024 ஜனவரியில் ட்ரோன் விட்ட வெளிநாட்டு மாணவருக்கு அந்த ஆண்டே ஆறு மாதச் சிறை கிடைத்தது. காகிதம் கேட்பது சட்டப்படி உங்கள் உரிமை. வேலியோரம் நிற்பதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

3. எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது?

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். அமெரிக்காவில் 'ஃபோயா அலுவலகம்' என்று ஒரே இடம் கிடையாது. விமானப்படை, கடற்படை, தரைப்படை, மரைன் படை, பாதுகாப்பு அமைச்சரின் அலுவலகம் எல்லாவற்றுக்கும் தனித்தனி. பெரிய தளங்களுக்குச் சொந்த அலுவலகமே உண்டு. ஃபோயா டாட் ஜி.ஓ.வி. தளத்தில் எல்லா முகவரிகளும் இருக்கின்றன, மனுவையும் அங்கிருந்தே அனுப்பலாம்.

2022இல் பென்டகன் தொடங்கிய ஆரோ என்ற பிரிவுதான் இந்தச் சம்பவங்களை இப்போது விசாரிக்கிறது. எல்லோரும் ஆரோவுக்கே மனு போடுகிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகத் தட்ட வேண்டிய கதவு. அங்கே போய்ச் சேர்வதற்குள் விவரமெல்லாம் உயர் ரகசிய முத்திரையின் கீழ் போயிருக்கும். சம்பவம் நடந்த இடத்தில் அந்த நேரத்தில் எழுதப்பட்ட காகிதம் பல சமயம் ரகசியமாகவே இருக்காது.

நோராட் என்ற வான்பாதுகாப்புக் கட்டளையகத்துக்கு மனு போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அது அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்துவது, எனவே ஃபோயா தன்னைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் நிலை. ஆனால் இதற்கு ஒரு பக்கவாசல் உண்டு. 2023 பிப்ரவரி 11 அன்று கனடாவின் யூக்கான் பகுதியில் அமெரிக்க எஃப்-22 ஒன்று சுட்டு வீழ்த்திய பொருளின் படம் 2024 செப்டம்பரில் வெளியானது, கனடாவின் தகவல் அணுகல் சட்டத்தின் வழியாக. கனடா குடிமக்கள், நிரந்தரவாசிகள், அந்த நாட்டில் இருப்பவர்கள் யாரும் 5 டாலர் கட்டி அங்கே மனு போடலாம். ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் இருக்கும் நம் ஆள்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1980 டிசம்பரில் இங்கிலாந்தின் ரெண்டில்ஷம் காட்டில், அமெரிக்க விமானப்படை பயன்படுத்திய தளத்தை ஒட்டி விளக்குகள் தெரிந்ததாகத் துணைத் தளபதி சார்லஸ் ஹால்ட் எழுதிய குறிப்பு, 1983இல் அமெரிக்க ஃபோயா மூலமாகத்தான் வெளியே வந்தது. பிரிட்டனில் அப்போது அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஒரு சம்பவத்தில் இரண்டு நாடுகள் இருந்தால் இரண்டு பக்கமும் கேளுங்கள்.

ராணுவம் அல்லாத துறைகளை மறக்காதீர்கள். 2019 செப்டம்பர் இறுதியில் அரிசோனாவின் பாலோ வெர்டே அணுமின் நிலையத்துக்கு மேல் ட்ரோன்கள் திரிந்த கதை, அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஃபோயா போட்டதால் தெரிய வந்தது. எஃப்.ஏ.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடமும் கேட்கலாம். ஆனால் அங்கே அவசரம் வேண்டும். கட்டுப்பாட்டு அறை உரையாடல் ஒலிப்பதிவுகளைச் சுமார் 45 நாளில் அழித்துவிடுவது அவர்கள் வழக்கம். மனு நிலுவையில் இருக்கும் ஆவணத்தை அழிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே புதிய சம்பவம் என்றால் மற்றதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் இதை அனுப்புங்கள்.

உள்ளூர் போலீஸ், ஷெரிஃப் ஆவணங்கள் ஃபோயாவுக்குள் வராது, அந்தந்த மாநிலச் சட்டம் பார்க்க வேண்டும். லேங்லி விஷயத்தில் இது இடிக்கும். வர்ஜீனியா தன் மாநிலவாசிகளுக்கு மட்டுமே தருவேன் என்று மறுக்கலாம். அது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2013இல் சொல்லிவிட்டது. அங்கே தெரிந்தவர் இருந்தால் அவர் பெயரில் போடச் சொல்லுங்கள்.

4. எந்தக் காகிதம்?

ஆவணத்தின் வகைப் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துபவை இவை.

தளங்களில் பாதுகாப்புப் படையணி எழுதும் தினப் பதிவேட்டுக்கு பிளாட்டர் என்று பெயர். நம் காவல்நிலைய ஜெனரல் டைரி மாதிரி: எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னார், யாரை அனுப்பினார்கள் என்று வரிவரியாக இருக்கும்.

கப்பல்கள் என்றால் டெக் லாக், அதாவது கப்பலின் தினப் பதிவேடு. 2019 ஜூலையில் தெற்குக் கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் போர்க்கப்பல்களைச் சுற்றி ஏதோ பறந்தபோது, யு.எஸ்.எஸ். கிட் கப்பலின் டெக் லாக்கில் படமெடுக்கும் குழுவைக் கூப்பிட்ட நேரம் உட்பட எல்லாம் பதிவாகியிருந்தது. அதை ஃபோயாவில் வாங்கியவர்களுக்கு எந்த ரகசியக் கோப்பும் தேவைப்படவில்லை. டெக் லாக்குகளை 30 ஆண்டு வரை கடற்படை வரலாற்று, மரபுக் கட்டளையகம் வைத்திருக்கும், பிறகு தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும். நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலின் விமானிகள் மர்மப் பொருளைப் பார்த்த 2004 சம்பவம் என்றால் முதலாவது இடம், 1980க்கு முந்தியது என்றால் இரண்டாவது.

பழைய சம்பவங்களுக்குப் படைப்பிரிவு வரலாறுகள். அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்திலுள்ள விமானப்படை வரலாற்று ஆய்வு முகமையில் கேட்க வேண்டும். 1967 மார்ச் 16 அன்று மான்டனாவின் மால்ம்ஸ்ட்ராம் தளத்தில் எக்கோ பிரிவின் பத்து அணு ஏவுகணைகள் ஒரே நேரத்தில் செயலிழந்தது உண்மை என்று உறுதிசெய்வது இப்படி ஒரு வரலாறுதான். பறக்கும் தட்டு வதந்தி தவறென நிரூபிக்கப்பட்டது என்ற வரியும் அதிலேயே இருக்கிறது. அந்த வரியை நம்பலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நீங்களே படித்து முடிவு செய்யுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: ரேடார் தரவு, அகச்சிவப்புக் காணொளி, செயற்கைக்கோள் படம். மறைக்கப்படுவது பெரும்பாலும் பறந்த பொருள் அல்ல, அதைப் பார்த்த கருவியின் திறன். 2020இல் வெளியிட்ட மூன்று தவிர மீதிக் காணொளிகளைத் தரச் சொல்லி வந்த மனுவுக்குக் கடற்படை 2022 செப்டம்பரில் எழுதிய பதிலே சாட்சி. வெளியிட்டால் கடற்படையின் செயல்பாடு, பலவீனம், திறன் பற்றிய தகவல் எதிரிக்குப் போகும், ஒரு துண்டைக்கூடப் பிரித்துத் தர முடியாது என்றார்கள்.

5. மனு எழுதுவது

மனு ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். வேற்றுக்கிரகவாசி, சதி, மூடிமறைப்பு என்று எதுவும் வேண்டாம். உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

"2023 டிசம்பர் 1 முதல் 31 வரை, வர்ஜீனியா லேங்லி தளத்தின் மீதோ அருகிலோ ஆளில்லா விமானங்கள் அல்லது அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்கள் காணப்பட்டது குறித்து, 633ஆம் பாதுகாப்புப் படையணி எழுதிய பிளாட்டர் பக்கங்களும் சம்பவ அறிக்கைகளும் வேண்டும். தனிநபர் பெயர்களை நீக்கிவிட்டுத் தரலாம். மறைக்க வேண்டிய பகுதி இருந்தால் மீதியைப் பிரித்துத் தரவும். மின்னணு வடிவில் போதும். 25 டாலர் வரை கட்டணம் தரச் சம்மதம், அதற்கு மேல் ஆகுமானால் முன்கூட்டியே தெரிவிக்கவும்."

பெயர்கள் வேண்டாம் என்று நீங்களே சொல்வது சும்மா இல்லை. தனியுரிமைப் பரிசீலனையின் பெரும்பகுதி குறைந்துவிடும். தேடுசொற்களைத் தாராளமாகக் கொடுங்கள். ட்ரோன், யு.ஏ.எஸ். (ஆளில்லா விமானத்துக்கு ராணுவம் வைத்த பெயர்), யு.ஏ.பி. (பறக்கும் தட்டுக்கு இப்போதைய அரசுப் பெயர்), யு.எஃப்.ஓ., அத்துமீறல் எல்லாவற்றையும் போடுங்கள். யு.எஃப்.ஓ. என்று மட்டும் போட்டால் "ஆவணம் இல்லை" என்று பதில் வரும். காவலர் ட்ரோன் என்று எழுதியிருப்பார், தேடியவருக்குக் கிடைத்திருக்காது.

விரைவுப் பரிசீலனை கேட்க ஒரு கட்டம் இருக்கும். உயிருக்கு ஆபத்து அல்லது செய்தியாளருக்கான அவசரம் இல்லாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

6. செலவு

விண்ணப்பக் கட்டணம் கிடையாது. நம்மைப் போன்ற தனிநபர்கள் 'மற்ற அனைவரும்' என்ற வகையில் வருவோம். முதல் இரண்டு மணி நேரத் தேடலும் முதல் 100 பக்கமும் இலவசம். மேலே சொன்னபடி சுருக்கமாகக் கேட்டால் பணம் கட்டும் நிலையே பெரும்பாலும் வராது. கட்டண வகையை மனுவிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அதைக் கேட்டு ஒரு கடிதம் வரும், பதில் தர வேண்டிய காலக்கெடுவின் கடிகாரம் அங்கேயே நிற்கும். ஒரே பெரிய கோரிக்கையைப் பத்துச் சின்ன மனுவாக உடைத்து இலவச மணி நேரங்களைப் பத்து மடங்காக்கும் சாமர்த்தியம் செல்லாது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கணக்காக்கிவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

7. காத்திருப்பு

சட்டப்படி 20 வேலைநாள், அசாதாரணச் சூழல் என்றால் இன்னும் பத்து. நடைமுறையில் ராணுவ அலுவலகங்களில் மாதங்கள், ரகசியப் பரிசீலனைக்குப் போனால் வருடங்கள்.

முதலில் மனு எண்ணோடு ஒப்புகை வரும். வராவிட்டால் இரண்டு வாரத்தில் கேளுங்கள். என் மனு ஒன்றை "வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம்" என்று ஓர் அலுவலகம் சொன்னது, "எங்களுக்கு எதுவும் வரவில்லை" என்றது அந்த இன்னோர் அலுவலகம். ஒரே துறையின் தவறான பிரிவுக்குப் போன மனுவைச் சரியான பிரிவுக்குத் தள்ளப் பத்து நாள்தான் அவகாசம், அதன் பிறகு கடிகாரம் தானாக ஓடத் தொடங்கிவிடும். மாற்றி அனுப்பிய கடிதத்தின் நகலைக் கேட்டதும் என் மனு எங்கிருந்தோ முளைத்தது.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு "இன்னும் இந்த ஆவணம் வேண்டுமா?" என்று ஒரு கடிதம் வரலாம். பதில் போட வழக்கமாக 30 வேலைநாள். தவறவிட்டால் மனுவை மூடிவிடுவார்கள். இது ஸ்பாம் பெட்டியில் போய் உட்காரும் ரகம், அடிக்கடி அங்கே ஒரு கண் வையுங்கள்.

8. வந்த பதிலைப் படிப்பது

கருப்புக் கட்டங்களைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்தின் அருகிலும் ஏன் மறைத்தார்கள் என்று ஒரு குறியீடு இருக்கும். பி1 என்றால் தேசப் பாதுகாப்பு ரகசியம். அதனோடு 1.4(ஏ) இருந்தால் ராணுவத் திட்டம் அல்லது ஆயுதம், 1.4(சி) என்றால் உளவு வழிமுறை, 1.4(ஜி) என்றால் நிலையங்களின் பலவீனமும் திறனும். பி3 வேறொரு சட்டம் தடுக்கிறது என்பது, எந்தச் சட்டம் என்று கடிதத்தில் சொல்லியிருக்க வேண்டும். பி5 உள்ஆலோசனை. பி6 தனிநபர் விவரம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

1.4(ஜி) மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், அவர்கள் மறைப்பது வேலியின் ஓட்டையை என்று நான் எடுத்துக்கொள்வேன், வானத்தில் வந்ததை அல்ல.

"இருப்பதையும் உறுதி செய்ய மாட்டோம், இல்லாததையும் மறுக்க மாட்டோம்" என்ற பதிலுக்கு குளோமார் என்று பெயர். பார்த்ததும் 'ஆஹா, ஏதோ இருக்கிறது!' என்று துள்ளாதீர்கள். உளவு அமைப்புகள் கொட்டாவி விடுவதுபோல் அந்தப் பதிலைக் கொடுக்கும்.

9. மேல்முறையீடு

இலவசம், 90 நாள் அவகாசம். வேலை செய்யும் வாதங்கள் மூன்று. ஒன்று, தேடல் போதாது: எந்த அலுவலகத்தில், எந்தச் சொல்லை வைத்துத் தேடினீர்கள் என்று கேளுங்கள். வெறும் "ஆவணம் இல்லை" பதிலுக்கு இதுவே முதல் மருந்து. இரண்டு, ரகசியம் அல்லாத வரிகளைப் பிரித்துத் தரவில்லை. மூன்று, 2016 திருத்தத்தின்படி வெளியிட்டால் என்ன கேடு நேரும் என்று நியாயமாக முன்காண முடிந்தால்தான் மறைக்கலாம், அதைக் காட்டவில்லை. பாதுகாப்புத் துறையே ஒப்புக்கொண்ட தகவலாக இருந்தால் அந்த அறிக்கையை இணைத்துவிடுங்கள்.

நடுவில் சிக்கிக்கொண்டால் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள ஓ.ஜி.ஐ.எஸ். சமரசம் செய்யும், அதற்கும் கட்டணம் இல்லை. அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் தூங்கும் மனுவை எழுப்ப உதவுவார்கள்.

கடைசி வழி வழக்கு. கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் கட்டணமே 405 டாலர், வக்கீல் செலவு தனி. பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 1980இல் ஒரு குடிமக்கள் குழு பறக்கும் தட்டு ஆவணங்களைக் கேட்டு என்.எஸ்.ஏ. மீது வழக்குப் போட்டது. நீதிபதி மட்டும் பார்த்த 21 பக்கப் பிரமாணப் பத்திரத்தின் பேரில் தீர்ப்பு அரசுக்குச் சாதகமானது. அந்தப் பத்திரம் முதலில் வெளியானபோது ஏறக்குறைய முழுக்கக் கருப்பு. பிற்பாடு மை குறைந்து வந்தபோது, அவர்கள் காத்தது பிற நாடுகளின் தகவல்தொடர்பை ஒட்டுக்கேட்ட விவரம் என்று தெரிந்தது.

10. எம்.டி.ஆர். என்ற இன்னொரு வழி

ஒரு குறிப்பிட்ட ஆவணத்தின் பெயரும் தேதியும் தெரியும், தடை பி1 மட்டும்தான் என்றால், கட்டாய ரகசியநீக்க மறுஆய்வு கேட்கலாம். சுருக்கமாக எம்.டி.ஆர். கடந்த இரண்டு ஆண்டுக்குள் ஒருமுறை பரிசீலித்த ஆவணமாக இருந்தால் மறுத்துவிடலாம். முடிவு சொல்ல ஓராண்டு அவகாசம். அதற்குள் சொல்லாவிட்டாலோ, உள் மேல்முறையீட்டிலும் மறுத்துவிட்டாலோ, பல துறைகள் சேர்ந்த ஐஸ்கேப் என்ற மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். எழுதியவரே தீர்ப்புச் சொல்லாத இடம் என்பதால் பழைய ஆவணங்களுக்கு இது நல்ல வழி.

ஒரே ஆவணத்துக்கு ஃபோயாவையும் எம்.டி.ஆரையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எம்.டி.ஆரில் நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் இல்லை. வழக்குப் போடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அந்த ஆவணத்தை ஃபோயாவிலேயே வைத்திருங்கள்.